வம்ச வரைபடமும் வண்ணக் கயிறும்

சென்ற ஆடி மாதம், சிவகாசியில் அச்சகம் நடத்தும் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஆடிப்பெருக்கன்று நாள்காட்டி ஆல்பங்களை வெளியிடுவது அவ்வூர் வழக்கம் என்பதால், இயந்திரக்கூடம் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. நாள்காட்டித் தாள்களுக்கு நடுவே வேறொரு வேலையும் ஏறியிருந்தது. ஒரு சமுதாயச் சங்கத்தின் ஆண்டு விழா மலர் அது. அதன் பதினோராம் பக்கத்து மெய்ப்பைக் கையில் எடுத்தவன், நெடுநேரம் கீழே வைக்கவில்லை.

பக்கம் முழுவதும் நெட்டுக்குத்தாக வண்ணப் பட்டைகள். பிற சமூகத்தாருடையவை என்று காட்டப்பட்டிருந்த பட்டைகளில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று மூன்று நான்கு நிறங்கள் அடுக்கடுக்காக இருந்தன. சங்கத்தாருடையது மட்டும் அடி முதல் நுனி வரை ஒரே நீலம். மேலே தடித்த எழுத்தில், 'அறிவியல் மெய்ப்பித்த கலப்பற்ற வம்சம்' என்று தலைப்பு. வெளிநாட்டில் வாழும் உறுப்பினர்கள் சிலர் உமிழ்நீர்ப் பரிசோதனை செய்துகொண்டு, கிடைத்த தரவை இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளில் இட்டு வரைந்த படம் என்று அடிக்குறிப்பு கூறியது.

இயந்திரப் பொறுப்பாளர் என் அருகில் வந்து நின்றார். "இந்த நீலம் கொஞ்சம் அடர்த்தியா விழுதுங்கய்யா. பத்து சதவீதம் குறைச்சா கண்ணுக்கு இதமா இருக்கும். ஆனா, நிறத்துல கை வைக்கக் கூடாதுன்னு சங்கத்துல சொல்லிட்டாங்க" என்றார்.

கல்லூரியில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவன் நான். அந்தப் படம் போலி அல்ல. உலகின் தலைசிறந்த ஆய்விதழ்களில் வெளியாகும் படங்களின் வகையைச் சேர்ந்ததுதான். ஆனால், தலைப்பு சொல்வதற்கு ஏறக்குறைய நேர் எதிரான செய்தியை அது சொல்லிக்கொண்டிருந்தது. அதை அச்சகத்தில் இருந்தவர்களுக்கு விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அந்த விளக்கம் அச்சகத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதாலேயே இங்கு எழுதுகிறேன்.

இத்தகைய படங்களுக்கு வழி திறந்தது, ஜோனதன் பிரிட்சார்ட், மேத்யூ ஸ்டீஃபன்ஸ், பீட்டர் டானலி ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஸ்ட்ரக்சர்' என்னும் மென்பொருள். 2009இல் வந்த 'அட்மிக்ஸர்' அதே பணியை லட்சக்கணக்கான மரபணுக் குறியீடுகளைக் கொண்டு மிக விரைவாகச் செய்தது. இன்று வம்சாவளி கூறும் பட்டைப் படங்களில் பெரும்பாலானவை இவற்றிலிருந்தோ, இவற்றின் வாரிசுகளிலிருந்தோ வருபவை. இவை இயங்கும் முறை எளிது. ஆய்வாளர் முதலில் ஓர் எண்ணைக் கொடுக்கிறார்: 3 அல்லது 5 அல்லது 7. அத்தனை மூதாதைக் குழுக்கள் இருந்ததாக மென்பொருள் கற்பனை செய்துகொள்கிறது. பிறகு, நம் முன் இருக்கும் மனிதர்களின் மரபணு வேறுபாடுகளை அந்தக் கற்பனைக் குழுக்களின் கலவையாக எப்படிப் பிரித்தால் கணக்கு மிக நன்றாகப் பொருந்தும் என்று தேடுகிறது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறம். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை. நிறங்களுக்குப் பெயர் வைப்பது மென்பொருள் அன்று. அதைச் செய்பவர் ஆய்வாளர்.

சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிதாக இருந்தது. ஆஃப்செட் அச்சில் எந்த வண்ணப் படத்தையும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகளாகப் பிரிக்கிறோம். மீனாட்சியம்மன் கோயில் கோபுரமானாலும் குழந்தையின் முகமானாலும் நான்கு மைகளில் அடங்கிவிடுகிறது. அதனால் கோபுரம் நான்கு மைகளால் கட்டப்பட்டது என்று எந்த அச்சுத் தொழிலாளியும் சொல்வதில்லை. நான்கு என்பது இயந்திரத்தின் வசதிக்காக நாம் எடுத்த முடிவு. ஆறு மை இயந்திரத்தில் ஏற்றினால் அதே படம் ஆறாகப் பிரியும். வம்சப் பட்டைகளில் தெரியும் நிறங்களும் இப்படிப்பட்ட தகடுகளே.

பட்டாசுத் தொழிலில் நிறத்துக்கு வேறு பொருள். வாணத்தில் பச்சை தெரிந்தால் உள்ளே பேரியம் உப்பு இருக்கிறது. சிவப்பு தெரிந்தால் ஸ்ட்ரான்ஷியம். நிறத்துக்குப் பின்னால் ஒரு பொருள் உறுதியாக இருப்பதால்தான் உச்ச நீதிமன்றம் 2018இல் பேரியத்தைத் தடை செய்தபோது, அது எந்த நிறத்தைப் பாதிக்கும் என்று ஊருக்கே தெரிந்தது. வம்சப் பட்டையின் நீலத்துக்குப் பின்னால் அப்படி எடுத்துக் காட்டக்கூடிய மக்கள் கூட்டம் எதுவும் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

இந்தியர்களின் மரபு வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 2009இல் டேவிட் ரைக், குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரின் குழு, 25 இந்தியக் குழுக்களை ஆராய்ந்து, நம்மில் பெரும்பாலோர் 'தொல் வட இந்தியர்', 'தொல் தென்னிந்தியர்' என்னும் இரு மூதாதையரின் கலவை என்றது. 2016இல் மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிரிமருத்துவ மரபியல் நிறுவனத்தினர், அந்தமான் நீங்கலாக, நான்கு மூதாதைக் கூறுகள் என்றனர். 2019இல் வாகீஷ் நரசிம்மன் உள்ளிட்டோர் பழங்கால எலும்புகளின் டிஎன்ஏவையும் சேர்த்து ஆராய்ந்து, வேட்டை வாழ்வினர், ஈரானியத் தொடர்புடையோர், ஸ்டெப்பி புல்வெளியினர் என்று மூன்றாக விரித்தனர். இரண்டு, நான்கு, மூன்று. இவற்றுள் எதுவும் பித்தலாட்டம் இல்லை. கையில் இருந்த தரவும் கேட்ட கேள்வியும் மாற மாற, பொருத்தமான எண்ணும் மாறியது. 'தொல் தென்னிந்தியர்' என்று முதலில் பெயரிடப்பட்டவரே ஒரு கலவைதான் என்று பத்தே ஆண்டுகளில் தெரியவந்தது. விழா மலர் அச்சிடுபவர்கள் இந்தப் பத்தாண்டுகளைக் கவனிக்கவில்லை.

இனி அந்த ஒற்றை நீலத்துக்கு வருகிறேன்.

2002இல் நோவா ரோசன்பர்க் குழுவினர் உலகின் 52 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 1,056 பேரை 'ஸ்ட்ரக்சர்' கொண்டு ஆராய்ந்தனர். ஐந்து என்று எண் கொடுத்தபோது, ஏறத்தாழ உலகின் பெரும் நிலப்பகுதிகளை ஒட்டி நிறங்கள் பிரிந்தன. செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தியது இதைத்தான். ஆறு என்று கொடுத்தபோது நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆறாவது நிறம் புதிய கண்டம் எதையும் காட்டவில்லை. பாகிஸ்தானின் சித்ரால் பள்ளத்தாக்குகளில் வாழும், சில ஆயிரம் பேரே உள்ள கலாஷ் மக்களுக்குத் தனி நிறம் கிடைத்தது. உலகத்தின் ஆறிலொரு மூலமா அவர்கள்? இல்லை. சிறிய கூட்டமாக, வெளியே மணம் செய்யாமல், பல தலைமுறைகள் தனித்திருந்தவர்கள். அப்படித் தனித்திருக்கும் கூட்டத்தில் சில மரபணு வேறுபாடுகள் தற்செயலாக மிகுந்தும் சில அற்றுப்போயும் விடும். கணக்கில் அது பளிச்சென்று தெரிய, மென்பொருள் ஒரு நிறத்தையே ஒதுக்கிவிடுகிறது.

2018இல் டேனியல் லாசன், லூசி வான் டார்ப், டேனியல் ஃபலுஷ் ஆகியோர் இதை அழகாக நிறுவிக் காட்டினர். இவர்களுள் ஃபலுஷ், 'ஸ்ட்ரக்சர்' மென்பொருளை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர். மூன்று வெவ்வேறு வரலாறுகளைக் கணினியில் உருவாக்கினர். ஒன்றில் அண்மைக் காலத்தில் உண்மையாகவே கலப்பு நடந்தது. இன்னொன்றில் மாதிரியில் இடம்பெறாத, மறைந்துபோன ஒரு கூட்டத்தோடு கலப்பு. மூன்றாவதில், ஒரு குழு சிறுத்து, சில பேரிலிருந்து மீண்டும் பெருகியது. மூன்றுக்கும் கிடைத்த பட்டைப் படங்கள் ஏறத்தாழ ஒன்றே.

ஆகவே, அடி முதல் நுனி வரை ஒரே நிறம் என்பதற்குப் பெரும்பாலும் பொருள், 'இவர்கள் சில முன்னோரிலிருந்து வந்து, தமக்குள்ளேயே மணந்துகொண்டவர்கள்' என்பதே. 'கலப்பற்றவர்கள்' என்பது அன்று. இன்னொரு சாத்தியமும் உண்டு. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரே குடும்பத்து உறவினர் ஏழெட்டுப் பேரின் தரவை ஒருசேர உள்ளே இட்டாலும், மென்பொருள் அந்த உறவையே ஒரு மூதாதைக் குழுவாக எண்ணி நிறம் கொடுத்துவிடும். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் சேர்ந்து ஒரு வம்சத்தையே உண்டாக்கிவிடலாம்!

நம் நாட்டில் இந்த ஒற்றை நிறத்தின் உண்மையான பொருள் மருத்துவமனைகளில்தான் தெரிகிறது. இந்தியக் குழுக்களிடையே ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை பரவலாகக் கலப்பு நடந்தது என்றும், பிறகே அகமணம் இறுகியது என்றும் பிரியா மூர்ஜானி குழுவினர் 2013இல் கணித்தனர். அதாவது, கலப்பில்லாத குழு என்று பேச இங்கே இடமே இல்லை. எல்லோரும் கலந்து, அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டவர்கள். கதவைச் சாத்தியதன் விலையை 2017இல் ஓர் ஆய்வு அளந்தது. 260க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களில், 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிலிருந்து பெருகியவை. பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறுகிய வாயில் வழியாக வந்தவை. அவற்றுள் 14 குழுக்களின் இன்றைய மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் மேல். கூட்டம் பெரிது, வேர் சிறிது.

இதற்கு மயக்க மருத்துவர்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வைசிய சமூகத்தாரில் சிலருக்கு, அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைச் சிதைக்கும் நொதி குறைவு. மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளியும் மருந்து, அவர்களுடைய மூச்சுத் தசைகளை மணிக்கணக்கில் முடக்கிவிடும். மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தால், வேறு மருந்தைத் தேர்ந்துவிடலாம், ஆபத்தே இல்லை. சமூகத்தின் மரபு வரலாற்றை அறிவதால் கிடைக்கும் நேரடிப் பயன் இதுதான்.

என் குடும்பத்திலும் ஒரு கணக்கு உண்டு. என் சித்தி சொந்தத் தாய்மாமனை மணந்தவர். அவருடைய பிள்ளைகள் இருவருமே பிறவியிலேயே காது கேளாதவர்கள். 'முன்வினை' என்றார்கள், கோயில் கோயிலாகப் போனார்கள். பெற்றோர் இருவரும் ஒரே குறைபாட்டை வெளித்தெரியாமல் சுமந்திருக்கலாம் என்று எடுத்துச் சொல்ல அன்று அந்த ஊரில் எவரும் இல்லை. நானும் படித்த பிறகுதான் அப்படி எண்ணத் தொடங்கினேன். அதற்குள் காலம் கடந்திருந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் உறவுக்குள் நடந்த திருமணங்கள் ஏறத்தாழ 28 சதவீதம். இந்திய அளவிலோ 11 சதவீதம். உறவுத் திருமணத்தைத் தவிர்த்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. வேர் சிறிதாக உள்ள குழுவில், உறவே இல்லை என்று நினைக்கும் இருவர்கூட மரபணுவில் ஒன்றுவிட்ட உறவினரைப் போல் இருக்கக் கூடும்.

இத்தனையும் விழா மலரின் ஒரு பக்கத்துக்காகவா என்று கேட்கலாம். நான் பேசுவது தென் மாவட்டங்களைப் பற்றி. இங்கே நிறம் வெறும் நிறமல்ல. பள்ளிப் பிள்ளைகள் சாதியைக் காட்ட வண்ணக் கயிறுகளை மணிக்கட்டில் கட்டிவருகிறார்கள் என்று 2019இலேயே பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர்; வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டதற்குப் பின்னாலும், யார் உயர்ந்தவர், யார் எந்தக் கோயிலுக்குள் நுழையலாம் என்ற கேள்விதான் இருந்தது. இப்படிப்பட்ட நிலத்தில் 'அறிவியல் மெய்ப்பித்தது' என்ற முத்திரையோடு ஒரு நீலப்பட்டை வருகிறது. கயிற்றைக் கழற்றிவிடலாம், இரத்தத்திலேயே இருக்கிறது என்று நம்பவைத்த நிறத்தை எப்படிக் கழற்றுவது?

கடந்த கால அனுபவமும் நமக்கு உண்டு. உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கம் என்ற சிற்றூரில், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன் தலைமையிலான ஆய்வு, எம் 130 என்ற மரபுக் குறியீட்டைக் கண்டறிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை வழியாகப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியா வரை நடந்த பயணத்தின் தடயங்களில் அதுவும் ஒன்று. அருமையான அறிவியல். ஆனால், ஊடகங்களில் அது 'முதல் இந்தியரின் வாரிசு' ஆயிற்று. அக்குறியீடு தந்தைக்குத் தந்தை, அவருக்குத் தந்தை என்ற ஒரே இழையில் வருவது. பத்துத் தலைமுறைக்கு முன்னால் நம் ஒவ்வொருவருக்கும் 1,024 முன்னோர் இடங்கள். அந்த இழை அவற்றுள் ஒருவரை மட்டுமே தொடுகிறது. மற்ற 1,023 இடங்களைப் பற்றி அது வாய் திறக்காது.

பட்டை வேண்டாம், புள்ளிகளாகக் காட்டலாம் என்றாலும் சிக்கல் தீர்வதில்லை. அமெரிக்காவின் 'ஆல் ஆஃப் அஸ்' திட்டம் ஏறத்தாழ 2,45,000 பேரின் மரபணுத் தொகுதிகளைப் பற்றி 2024 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியிட்டது. அதில் 'யுமேப்' என்னும் முறையில் வரைந்த படம், தொடர்ச்சியாகக் கலந்திருக்கும் மக்களைத் தனித்தனித் தீவுகளாகக் காட்டுகிறது என்று மரபியலாளர்களே கடுமையாகக் கண்டித்தனர். கலப்பு மிகுந்த நாட்டின் படத்திலேயே கலப்பு காணாமல் போயிற்று.

ஜீனோம் இந்தியா திட்டம் 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த பத்தாயிரம் பேரின் மரபணுத் தொகுதிகளைத் தொகுத்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. கொந்தகையில் கிடைத்த எலும்புகளின் மரபணு ஆய்வு மதுரையில் நடக்கிறது. அந்த முடிவுகள் வரும் நாளில் ஒவ்வொரு சங்கமும் தன் நிறத்தைத் தேடிக்கொண்டு வரும். 2022இல், 'இனத் தூய்மை'யை ஆராய டிஎன்ஏ கருவிகள் வாங்கப்படுவதாக மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தைப் பற்றி ஒரு செய்தி வந்தது. அமைச்சகம் அதை மறுத்தது. ஆயினும், அறிவியலாளர்களும் வரலாற்றாளர்களும் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண்டனக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அச்சம் காரணமில்லாமல் எழுவதில்லை.

இதனால் தரவைப் பூட்டி வைக்க வேண்டும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. பூட்டி வைத்தால் சங்கத்து நீலம் மட்டுமே ஊரில் உலவும். மயக்க மருத்துவருக்குத் தேவையான தகவல் உலவாது. வேண்டியது, படத்தைக் காட்டும் முறையில் ஒழுங்கு. ஒரே எண்ணைத் தேர்ந்து ஒரே படத்தை வெளியிடாமல், இரண்டு முதல் ஏழெட்டு வரை எல்லாப் படங்களையும் அருகருகே அச்சிட வேண்டும்; நிறம் எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்கும் எவருக்கும் மயக்கம் தெளியும். சாதிப் பெயரை நிறத்தின் பெயராக இடுவதை ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது. பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளாவது இவ்விதியைக் கடைப்பிடிக்கலாம்.

வணிகப் பரிசோதனைகளுக்கு இவ்வளவு மென்மை போதாது. நம் உமிழ்நீரை ஒப்பிடுவதற்கு அவை வைத்திருக்கும் மாதிரிப் பட்டியல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் நம் வம்சாவளிச் சதவீதமும் மாறுகிறது, நாம் மாறுவதில்லை. தரவின் கதியும் கவலைக்குரியது. '23அண்ட்மீ' நிறுவனத்திலிருந்து 2023இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் தகவல்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் மனு அளித்தது. இந்தியாவில், 2019ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் மரபணுத் தரவுக்கு இருந்த தனிப் பாதுகாப்பு, 2023இல் நிறைவேறிய சட்டத்தில் இல்லை. ஒருவர் தரும் உமிழ்நீர் அவருடைய உடன்பிறந்தார், பிள்ளைகள் எல்லோரைப் பற்றியும் பேசும் என்பதைச் சட்டம் எங்கும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

நியூயார்க்கில் ஒரு யூத மதகுரு, தம் பிள்ளைகள் நால்வரை டே-சாக்ஸ் என்னும் மரபு நோய்க்குப் பறிகொடுத்த பின், 1980களில் 'டோர் யெஷோரிம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்களிடம் இரத்தம் பெற்று, பெயருக்குப் பதில் ஓர் எண் கொடுப்பார்கள். திருமணப் பேச்சு எழும்போது இரு எண்களையும் சொன்னால், பொருந்தும் அல்லது பொருந்தாது என்ற விடை மட்டும் வரும். யாருக்கு என்ன குறை என்று ஊருக்குத் தெரியாது. பத்துப் பொருத்தம் பார்க்காமல் பத்திரிகை அடிக்காத நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற மாவட்ட நிறுவனங்களில், திருமணத்துக்கு முன் மரபணு ஆலோசனை பெற ஓர் அறையும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால், தொடக்கத்துக்கு அது போதும்.

அச்சகத்திலிருந்தே சங்கச் செயலாளரிடம் தொலைபேசியில் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். தலைப்பை மாற்ற இசைந்தார். அந்தப் பக்கத்திலேயே மரபு நோய்கள் பற்றி நான்கு வரி சேர்க்கலாமே, நானே எழுதித் தருகிறேன் என்றேன். "விழா மலருங்கய்யா. மங்கலமா வர்ற இடத்துல நோயைப் பத்தி எதுக்கு?" என்றார்.

மலர் தபாலில் வந்து சேர்ந்தது. பதினோராம் பக்கத்தில் பட்டைகள் அப்படியே இருக்கின்றன. 'கலப்பற்ற' என்ற சொல்லை மட்டும் எடுத்திருக்கிறார்கள். நீலம், அந்தப் பொறுப்பாளர் சொன்னதுபோல், கொஞ்சம் அடர்த்தியாகவே விழுந்திருக்கிறது.